கடலின் கணக்கில் வைரஸ்: ஓர் இணையவழிப் பயிற்சியின் மதிப்புரை

கடலின் உயிர்ப்புவிவேதியியலை, அதாவது கார்பன், நைட்ரஜன் போன்றவை உயிர்களுக்கும் நீருக்கும் இடையே சுழல்வதை, கணினியில் மாதிரியாக்கக் கற்றுத்தரும் பயிற்சிகளில் பெரும்பாலானவை வைரஸை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. நான் அண்மையில் முடித்த எட்டு வார இணையவழிப் பயிற்சி, தன் பாடத்திட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை வைரஸுக்கே ஒதுக்கியிருந்தது. அதில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். காணொளி விரிவுரை, வாசிப்புக் குறிப்பு, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட பயிற்சிக் கோப்பு, வாரந்தோறும் ஓர் ஒப்படைப்பு என்ற வழக்கமான அமைப்புதான். கோப்புகளைத் திருத்திவருவதாக நடத்துநர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள் என்பதால், பழைய பதிப்பின் குறைகளை வைத்து ஒரு பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று கருதிப் பயிற்சியின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். நான் வேதிப்பொறியியல் படித்தவன். நிறைச் சமநிலைக் கணக்குகளோடு பல ஆண்டுகள் பழகியவன். கடலியல் எனக்குப் புதிது. என் பாராட்டும் குறையும் அந்தச் சாய்வோடுதான் வருகின்றன.

முதல் இரண்டு வாரங்கள் அடிப்படை. ஊட்டச்சத்து, தாவர மிதவையுயிரி, விலங்கு மிதவையுயிரி, மட்குப்பொருள் என்ற நான்கு பெட்டிகளுக்கிடையே நைட்ரஜன் எப்படி நகர்கிறது என்பதை நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளில் எழுதவைக்கிறார்கள். அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள ஜார்ஜஸ் திட்டுக் கடற்பகுதிக்காக கார்டன் ரைலி 1946-இல் போட்ட கணக்கில் தொடங்கி, பெர்முடாவுக்கு அருகிலுள்ள கடலின் மேலடுக்குக்காக ஃபாஷமும் அவருடைய சகாக்களும் 1990-இல் வெளியிட்ட ஏழு பெட்டி மாதிரி வரை இந்தப் பகுதி வேகமாக நடக்கிறது. இதில் நின்று கவனிக்கவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. சங்கிலியின் உச்சியிலுள்ள விலங்கு மிதவையுயிரியை யார் தின்கிறார்கள் என்பதை மாதிரி சொல்லாது. அங்கே ஓர் இறப்பு வீதத்தைப் போட்டுக் கணக்கை மூடவேண்டும். அந்த இறப்பு, எண்ணிக்கைக்கு நேர்விகிதமாக இருக்கிறதா, அதன் வர்க்கத்துக்கு விகிதமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து, மாதிரி முழுவதுமே ஊசலாடவோ அமைதியாக நிலைகொள்ளவோ செய்யும் என்பதை 1990-களின் தொடக்கத்தில் ஸ்டீலும் ஹெண்டர்சனும் காட்டினர். விரிவுரையாளர் இதைச் சொல்லிவிட்டு, கோப்பில் ஓர் அடுக்கெண்ணை மட்டும் மாற்றச் சொல்கிறார். திரையில் கோடு ஆடத் தொடங்கும்போதுதான், மாதிரியின் அடிமட்டத்தில் நடப்பதை உச்சியில் போட்ட ஓர் ஊகம் தீர்மானிக்கிறது என்பது உறைக்கிறது. இறப்பு எனும் உறுப்பை மாதிரியாளர்கள் நெடுங்காலம் குப்பைக்கூடையாகவே பயன்படுத்திவந்தனர். அந்தக் கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் பின்வரும் வாரங்களின் வேலை.

மூன்றாம் வாரம் எண்ணிக்கைகளுக்கானது. 1989-இல் பெர்கன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, இயற்கை நீர்நிலைகளில் மில்லிலிட்டருக்கு 25 கோடி வரை வைரஸ் துகள்கள் இருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் எண்ணிக் காட்டியது. அதற்குமுன் கடலில் வைரஸ் இருப்பது தெரிந்திருந்தாலும், அது பொருட்படுத்தத்தக்க அளவில் இருக்கும் என்று கருதியவர்கள் குறைவு. கடலின் மேற்பரப்பு நீரில் வழக்கமாகக் காணப்படுவது மில்லிலிட்டருக்கு ஒரு கோடி என்ற அளவு. பாக்டீரியா ஏறத்தாழ பத்து லட்சம். ஒரு வைரஸ் துகளில் 0.2 ஃபெம்டோகிராம் (ஃபெம்டோகிராம் என்பது கிராமில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) கார்பன், ஒரு பாக்டீரியாவில் ஏறத்தாழ 20 ஃபெம்டோகிராம் என்று வைத்துக்கொண்டால், எண்ணிக்கையில் பத்து மடங்கு இருக்கும் வைரஸ், கார்பன் அளவில் பாக்டீரியாவில் பத்தில் ஒரு பங்குதான் என்று கணக்கு வருகிறது. கடல் வைரஸ் ஆய்வாளர் கர்டிஸ் சட்டில் 2005-இல் தந்த மதிப்பீட்டின்படி, உலகக் கடல்களிலுள்ள வைரஸ் அனைத்தின் கார்பனும் சேர்ந்து 20 கோடி டன், அதாவது ஏழரைக் கோடி நீலத்திமிங்கிலங்களின் கார்பன். இந்த ஒப்பீட்டை எல்லோரும் எடுத்தாள்வார்கள். இந்தப் பயிற்சி அதோடு நிற்காமல், அந்த எண்ணை நம்மையே கணக்கிட்டு எட்டச் செய்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி நான்காம் வாரம். 1977-இல் லெவின், ஸ்டீவர்ட், சாவோ ஆகியோர் தொடர்வளர்ப்புக் கலத்தில் பாக்டீரியாவுக்கும் அதைத் தாக்கும் வைரஸுக்கும் எழுதிய சமன்பாடுகளை எடுத்துக்கொண்டு, கலத்தைக் கடலாக மாற்றுகிறார்கள். பாக்டீரியா வளர்கிறது, வைரஸ் மோதி ஒட்டுகிறது, சிறிது நேரம் கழித்துச் செல் வெடித்துப் பல புதிய வைரஸ்கள் வெளிவருகின்றன, வெளியே மிதக்கும் வைரஸ் சூரியனின் புற ஊதாக் கதிராலும் பிற காரணங்களாலும் சிதைகிறது. இவ்வளவுதான். இனி எல்லா வீதங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் சமநிலையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்.

நான் போட்ட எண்கள் இவை: வைரஸ் செல்லில் மோதி ஒட்டும் வேகத்தைக் குறிக்கும் ஒட்டுதல் மாறிலி நாளொன்றுக்கு ஒரு மில்லிலிட்டரில் கோடியில் ஒரு பங்கு, வெடிப்பொன்றுக்கு 25 வைரஸ், வைரஸின் சிதைவு நாளொன்றுக்கு 0.5, பாக்டீரியாவின் வளர்ச்சி நாளொன்றுக்கு 0.5, பிற நுண்ணுயிரிகள் தின்னும் மேய்ச்சல் முதலிய பிற இழப்புகள் 0.1. விடை, பாக்டீரியா மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2 லட்சம், வைரஸ் 40 லட்சம். அடுத்து, ஊட்டச்சத்தைக் கூட்டி வளர்ச்சி வீதத்தை 0.9 ஆக்கச் சொன்னார்கள். பாக்டீரியா பெருகும் என்றே எதிர்பார்த்தேன். அது அதே 2 லட்சத்தில் நின்றது. வைரஸ் மட்டும் 80 லட்சமாக இரட்டித்தது. ஓம்புயிரியின், அதாவது வைரஸுக்கு இடங்கொடுக்கும் பாக்டீரியாவின், எண்ணிக்கையை வைரஸின் சிதைவும் வெடிப்பளவும் ஒட்டுதலும் தீர்மானிக்கின்றன. வைரஸின் எண்ணிக்கையையோ ஓம்புயிரியின் வளர்ச்சி தீர்மானிக்கிறது. உழுதவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன் என்ற கதைதான். இதிலிருந்து 'வெல்பவரைக் கொல்' என்று கடல் நுண்ணுயிரியலாளர் திங்ஸ்டாட் வகுத்த கருத்துக்கு ஒரே ஓர் அடி: வேகமாக வளரும் இனத்தை அதற்கே உரிய வைரஸ் அடக்கிவைப்பதால், மெதுவாக வளரும் இனங்களுக்கும் ஊட்டச்சத்து மிஞ்சுகிறது; பல இனங்கள் ஒரே நீரில் சேர்ந்து வாழ்கின்றன. விரிவுரையில் இந்தக் கருத்து கடைசி ஐந்து நிமிடங்களில்தான் பெயரோடு வருகிறது, ஆனால் அதற்குள் அதை நாமே கண்டுபிடித்திருப்போம். கற்பிக்கும் முறை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆனால் அதே கோப்பில்தான் முதல் பெரிய பிழையும் இருந்தது. வெடிப்பளவை மாற்றிப் பார்க்க ஒரு நகர்த்தியைக் கொடுத்திருக்கிறார்கள். அது 5-இலிருந்து 150 வரை செல்கிறது. ஒரு பாக்டீரியாவில் 20 ஃபெம்டோகிராம் கார்பன்தான் இருக்கிறது. அதிலிருந்து 25 வைரஸ் வந்தால் அவை எடுத்துக்கொள்வது 5. மீதி 15 கரைந்த கரிமப் பொருளாகவும் சிதைவாகவும் நீரில் சேர்கிறது. 100 வைரஸ் வந்தால் செல்லின் கார்பன் முழுவதும் தீர்ந்துவிடும். நகர்த்தியை 150-இல் வைத்தால், மாதிரி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓடி, கரைந்த கரிமப் பொருளைக் கழித்தல் குறியோடு காட்டுகிறது. இல்லாத இடத்திலிருந்து கார்பன் பிறக்கிறது, நிறை காக்கப்படவில்லை. எத்தனை பேர் இதைக் கவனிக்காமல் அந்தக் கோப்பை ஒப்படைத்திருப்பார்களோ! பாஸ்பரஸைப் பார்த்தால் எல்லை இன்னும் நெருக்கமானது. வைரஸ் என்பது பெரும்பாலும் புரத உறைக்குள் இறுக்கித் திணிக்கப்பட்ட மரபுப்பொருள் என்பதால், கார்பனோடு ஒப்பிட அதில் பாஸ்பரஸ் மிகுதி. கடல் மிதவையுயிரிகளுக்கு ரெட்ஃபீல்டின் பெயரால் வழங்கும் 106:16:1 என்ற கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம் வைரஸுக்குப் பொருந்தாது. ஆகவே செல் வெடிக்கும்போது பாஸ்பரஸில் பெரும்பங்கு புதிய வைரஸோடு போய்விட, நீரில் சேரும் மீதி பாஸ்பரஸ் குறைந்ததாக இருக்கும். 2014-இல் ஜோவரும் அவருடைய சகாக்களும் இதைத் தெளிவாகக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரை வாசிப்புப் பட்டியலில் இருக்கிறது, கோப்பில் அதன் சுவடு இல்லை. பட்டியலைத் தயாரித்தவரும் கோப்பை எழுதியவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை போலும்.

ஐந்தாம் வாரத்தின் பொருள், வைரஸ் ஷன்ட் என்று வழங்கும் திசைதிருப்பல். பாக்டீரியாவை ஒரு நுண்விலங்கு தின்றால், அதன் கார்பனில் ஒரு பங்கு உணவுச் சங்கிலியில் மேலேறுகிறது. அதே பாக்டீரியாவை வைரஸ் வெடிக்கவைத்தால், அந்தக் கார்பன் கரைந்த நிலைக்குத் திரும்பி, வேறு பாக்டீரியாக்களுக்கு உணவாகி, சுவாசத்தில் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. ஒளிச்சேர்க்கையில் நிலைப்படுத்தப்பட்ட கார்பனில் 6 முதல் 26 விழுக்காடு வரை இப்படித் திரும்பலாம் என்று வில்ஹெல்மும் சட்டிலும் 1999-இல் மதிப்பிட்டனர். இறப்பின் அளவு மாறாவிட்டாலும் இறந்தது எங்கே போகிறது என்பது மாறினால் கடலின் வேதியியலே மாறும் என்ற இந்தக் கருத்தை விளக்க, மேய்ச்சலையும் வைரஸையும் ஒரே மொத்த இறப்பு வீதத்துக்குள் வெவ்வேறு விகிதத்தில் பங்கிட்டு ஓட்டும் ஒரு பயிற்சியைக் கொடுத்திருக்கிறார்கள். வைரஸின் பங்கைக் கூட்டினால் விலங்கு மிதவையுயிரி குறைகிறது. ஊட்டச்சத்து விரைவாக மறுசுழற்சி ஆவதால் ஒளிச்சேர்க்கையால் நடக்கும் முதனிலை உற்பத்தி கூடவும் செய்கிறது. வைட்ஸும் சகாக்களும் 2015-இல் பல அடுக்கு மாதிரி ஒன்றில் பெற்ற முடிவும் இதே திசையில்தான் இருந்தது. கொல்லும் உயிரி உற்பத்தியைக் கூட்டுகிறது என்பது முதலில் முரணாகத் தோன்றும். சமன்பாட்டை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்த பிறகு அப்படித் தோன்றாது. இந்த வாரத்தில் நான் குறை காணவில்லை.

ஆறாம் வாரத்தில் கதை தலைகீழாகிறது. வைரஸ் தொற்று எப்போதும் கார்பனை மேலடுக்கிலேயே நிறுத்திவைக்கிறது என்று சொல்லமுடியாது. சுண்ணத் தகடுகளை அணிந்த எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற தாவர மிதவையுயிரி, விண்ணிலிருந்து செயற்கைக்கோள் பார்க்குமளவுக்குக் கடலைப் பால்நிறமாக்கிப் பெருகும். அந்தப் பெருக்கம் முடிவுறுவதில் வைரஸுக்குப் பெரும்பங்கு உண்டு. தொற்றுக்குள்ளான செல்கள் ஒட்டும் தன்மையுள்ள பொருளைச் சுரந்து, ஒன்றோடொன்று திரண்டு, வேகமாக ஆழத்துக்கு மூழ்கலாம். 2012-இல் வட அட்லாண்டிக்கில் மேற்கொண்ட கடற்பயணம் ஒன்றின் தரவுகளை வைத்து, தொற்று இவ்வாறு மூழ்குதலுக்கு உதவுவதை 2018-இல் ஒரு குழு வெளியிட்டது. தாரா என்ற ஆய்வுக்கப்பல் உலகக் கடல்களில் மேற்கொண்ட பயணங்களில் சேகரித்த நீர் மாதிரிகளை ஆராய்ந்த 2016 ஆய்வு, ஊட்டச்சத்து குறைந்த கடல்களில் ஆழத்துக்குச் செல்லும் கார்பனோடு சில வைரஸ் மரபணுக்கள் நெருக்கமாகத் தொடர்புகொண்டிருப்பதைக் காட்டியது. இந்தக் கீழிறக்கத்தை வைரஸ் ஷட்டில் என்கிறார்கள்.

ஒரே வைரஸ் கார்பனை மேலேயே சுழலவிடவும் செய்யலாம், கீழே அனுப்பவும் செய்யலாம் என்றால், மாதிரியில் அதை எப்படி எழுதுவது? இந்தப் பயிற்சியின் விடை ஒரு சுவிட்ச். பூஜ்யம் என்றால் வெடித்த செல்லின் பொருள் அனைத்தும் கரைகிறது. ஒன்று என்றால் அனைத்தும் திரண்டு மூழ்குகிறது. இடையில் எந்த மதிப்பையும் வைக்கலாம். வைத்துப் பார்த்தேன். ஆழத்துக்குச் செல்லும் கார்பன், வைரஸ் இல்லாத மாதிரியைவிடக் குறைவாக இருந்து, சுவிட்சை நகர்த்த நகர்த்த அதைத் தாண்டி மிகுந்தது. அதாவது, வைரஸ் கடலின் கார்பன் இறக்கத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்ற அடிப்படைக் கேள்விக்கு, மாதிரியில் உள்ள எல்லா உயிரியலையும் ஒதுக்கிவிட்டு, ஒற்றை எண் விடை சொல்கிறது. அந்த எண்ணை எந்த அளவீட்டிலிருந்து பெறுவது, எந்த இனத்துக்கு எந்த மதிப்பு பொருந்தும், செல்லின் அளவோ சுண்ணத்தின் எடையோ அதைக் கட்டுப்படுத்துமா என்பதைப் பற்றி விரிவுரை ஒன்றும் சொல்லவில்லை. துறையிலேயே இது தீராத கேள்விதான், அதை நான் பயிற்சியின் மீது சுமத்தமாட்டேன். ஆனால் தீராத கேள்வியை நகர்த்தியாக மாற்றி மாணவரின் கையில் கொடுத்துவிட்டு, 'உங்கள் முடிவை நியாயப்படுத்துக' என்று மதிப்பெண் கேட்பது முறையல்ல. இரண்டாம் வாரத்தில் குப்பைக்கூடையைக் கவிழ்த்தவர்கள், ஆறாம் வாரத்தில் இன்னொரு கூடையை வைத்துவிட்டார்கள்.

இதோடு இணைந்த இன்னொரு விடுபடலும் உண்டு. வெடிப்பளவும், ஒட்டியதிலிருந்து வெடிக்கும்வரையுள்ள காலமும் பயிற்சி முழுவதும் மாறிலிகளாகவே இருக்கின்றன. உண்மையில் வைரஸ் தன் ஓம்புயிரியின் இயந்திரத்தைக் கொண்டே பெருகுகிறது. பாஸ்பேட் பற்றாக்குறையில் வளரும் சைனோபாக்டீரியாவில் (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) வெடிப்பு தாமதமாகி, வெளிவரும் வைரஸும் குறைகிறது என்று 1990-களிலேயே ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. சைனோபாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் சில, ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்களைத் தாமே சுமந்து சென்று, சாகப்போகும் செல்லில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கின்றன என்பது 2003-இல் வெளியான செய்தி. வளர்ச்சி குறைந்தால் வைரஸும் தளரும் என்ற பின்னூட்டத்தை ஒரு வரியில் சேர்த்துவிடலாம். நான் சேர்த்துப் பார்த்தபோது, நான்காம் வாரத்தின் ஊசலாட்டங்கள் கணிசமாக அடங்கின. பாடத்தில் அதற்கான குறிப்புகூட இல்லாதது எனக்கு வியப்பளித்தது.

ஏழாம் வாரம் தரவோடு ஒப்பிடுதல். இங்கே பயிற்சி என்னை ஏமாற்றியது. மாதிரியின் விடை சரியா என்று சோதிக்க அவர்கள் வைத்த அளவுகோல், பாக்டீரியா ஒன்றுக்கு வைரஸ் பத்து என்ற பழைய விகிதம். 2016-இல் விகிங்டனும் சகாக்களும் 25 கடலாய்வுகளிலிருந்து திரட்டிய 5,671 அளவீடுகளை ஆராய்ந்து, இந்தப் பத்துக்கு ஒன்று என்ற விதிக்கு விளக்கும் திறன் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை என்று காட்டிவிட்டனர். செல்களின் அடர்த்தி கூடக் கூட விகிதம் குறைகிறது என்பதே அவர்கள் கண்டது. நான்காம் வாரத்துச் சமன்பாட்டை மனத்தில் வைத்திருப்பவருக்கு நிலையான விகிதம் ஒன்றை எதிர்பார்க்கக் காரணமே இல்லை. வளர்ச்சியை மாற்றினாலே விகிதம் இரட்டித்ததை அவர் தம் கண்ணால் பார்த்திருப்பார். என் மாதிரி 20 என்று விடை தந்ததற்காகத் தானியங்கித் திருத்தி எனக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது. முறையிட்டு எழுதினேன். பயிற்றுநர் மூன்று நாளில் பதில் எழுதி, என் வாதத்தை ஒப்புக்கொண்டு, மதிப்பெண்ணைத் திருத்தித் தந்தார். அந்த நேர்மையைக் குறிப்பிட வேண்டும். அளவுகோலை மாற்றுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

நடைமுறைச் செய்திகள் சில. கோப்புகள் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடுகின்றன; மேலிருந்து கீழ்வரையுள்ள நீர்த்தூணை ஓட்டும் எட்டாம் வாரக் கோப்பு மட்டும் சிறிது நேரம் எடுக்கும். முதல் வாரங்களில் காலத்தைச் சிறு படிகளாக வெட்டி முன்னேறும் ஆய்லரின் எளிய முறையைக் கொண்டு கணக்கிடுவதால், வைரஸைச் சேர்த்தவுடன் காலப்படியை வெகுவாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் செறிவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வைரஸின் நிகழ்வுகள் மணிக்கணக்கிலும் மிதவையுயிரியின் நிகழ்வுகள் நாள்கணக்கிலும் நடப்பதே இதற்குக் காரணம் என்பதை எங்காவது ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். தானியங்கி வசன வரிகளில் செல் வெடிப்பைக் குறிக்கும் 'லைசிஸ்' என்ற சொல் வந்த இடமெல்லாம் 'லைசென்ஸ்' என்று பதிவாகியிருந்தது. வைரஸுக்குக் கொல்ல உரிமம் வழங்கப்பட்ட வாக்கியங்களைப் படித்து இரண்டு முறை சிரித்தேன், மூன்றாம் முறை வசன வரிகளை அணைத்துவிட்டேன்.

வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டு தயங்காதவருக்கு, மூன்றிலிருந்து ஐந்து வரையுள்ள வாரங்களுக்காகவே இந்தப் பயிற்சியை நான் பரிந்துரைப்பேன். உயிரியல் பின்னணி மட்டும் உள்ளவர்கள், கணிதம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு சேர்வது நல்லது. கோப்பின் பிழைகளை அவர்கள் தம்முடைய பிழையென்று எண்ணி மனம் சோர வாய்ப்புண்டு. எட்டாம் வாரத்துக்கு வருபவருக்கு மட்டும் ஒரு குறிப்பு: நான்காம் வாரத்தில் நாளொன்றுக்கு என்று இருந்த ஒட்டுதல் மாறிலி, அங்கே மணியொன்றுக்கு என்று மாறியிருக்கிறது, ஆனால் எண்ணை யாரும் மாற்றவில்லை. முதல் ஓட்டத்திலேயே பாக்டீரியா முழுவதும் மறைந்துபோனால் உங்கள் சமன்பாட்டைத் தேடிக் களைக்க வேண்டாம். அந்த ஒரு மாறிலியை 24-ஆல் வகுத்துவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள்.